ஆப்பிள் காப்ளர்: தண்ணீரைச் சமாளித்தால் போதும்

ஆப்பிள் பை செய்ய ஆசைதான், ஆனால் மாவைத் தேய்த்து, கிழியாமல் தூக்கி, தட்டில் பரப்பி, ஓரத்தை மடித்துக் கிள்ள வேண்டுமே என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு அமெரிக்கச் சமையலில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அதுதான் காப்ளர். பழத்தை நறுக்கிச் சர்க்கரை சேர்த்து ஓர் ஆழமான பாத்திரத்தில் கொட்டி, மேலே மாவை ஸ்பூனால் அள்ளி அள்ளி வைத்து ஓவனுக்குள் தள்ளிவிட வேண்டியதுதான். அடியில் மாவு கிடையாது. மேலே இருக்கும் மாவையும் யாரும் சமமாகப் பரப்பச் சொல்வதில்லை, மேடும் பள்ளமுமாக இருந்தால்தான் மேடெல்லாம் மொறுமொறுவென்று வரும். முட்டை வேண்டாம் என்பதால் அது சேராத வீட்டிலும் தயங்காமல் செய்யலாம்.

இவ்வளவு சுலபமான பண்டத்தைக்கூடக் கெடுக்க முடியும். வழக்கமாக நடப்பது இதுதான்: மேலே பார்த்தால் பொன்னிறம், ஸ்பூனை விட்டால் மாவின் அடிப்பக்கம் பச்சையாகப் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, அதற்கும் கீழே ஆப்பிள் ஒரு பக்கம், நீர்த்த சர்க்கரைத் தண்ணீர் ஒரு பக்கம். செய்முறையில் சொன்ன அளவு, நேரம் எல்லாம் சரியாக இருந்தும் இப்படி ஆகலாம். ஏன் என்று புரிந்துகொண்டால் எந்தக் காப்ளர் செய்முறையையும் நீங்களே திருத்திக்கொள்ளலாம், அதனால் அளவுகளுக்கு முன்னால் இதைப் பார்த்துவிடுவோம்.

காப்ளரில் ஒரே பாத்திரத்துக்குள் இரண்டு சமையல் நடக்கிறது. கீழே பழம் தன் சாற்றிலேயே கொதித்து வேகிறது, அங்கே வெப்பம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். மேலே மாவு வறண்ட சூட்டில் சுட வேண்டும், ஏனென்றால் மாவின் மேற்பரப்பு உலர்ந்து 140 டிகிரியைத் தாண்டினால்தான் நல்ல நிறமும் வாசனையும் பிடிக்கும். ஆப்பிளில் சுமார் 85 சதவீதம் தண்ணீர். ஒரு கிலோ நறுக்கிய ஆப்பிளைப் பாத்திரத்தில் போட்டால் கிட்டத்தட்ட 850 மில்லி தண்ணீரையும் சேர்த்தே போடுகிறீர்கள். அதில் ஒரு பகுதி சாறாக வெளியே வரும், ஒரு பகுதி ஆவியாகி மேலே எழும்பி, சுட வேண்டிய மாவை அடியிலிருந்து நனைத்துக்கொண்டே இருக்கும். காப்ளருக்குச் சொல்லப்படும் குறிப்புகளில் பெரும்பாலானவை இந்தத் தண்ணீரை என்ன செய்வது என்பதைப் பற்றியவைதான்.

இந்தப் பண்டம் பிறந்த கதையிலும் இதே விஷயம் இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள் ஊரில் செய்துகொண்டிருந்த புட்டிங்கையும் பையையும் அங்கே செய்யப் பார்த்தபோது அதற்கான ஓவனும் இல்லை, சில பொருட்களும் இல்லை. இருந்தது அடுப்பு நெருப்பும் கனமான இரும்புச் சட்டியும்தான். (ஆப்பிளும் அவர்கள் கொண்டுபோனதே, வட அமெரிக்காவின் சொந்த ஆப்பிள் என்பது புளித்துக் கிடக்கும் சின்னக் காட்டு ஆப்பிள் மட்டும்.) சட்டியில் பழம், மேலே மாவு, மூடி. பின்னால் வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போனவர்களும் டச் ஓவன் என்கிற கால் வைத்த இரும்புச் சட்டியில் இதையே செய்தார்கள். அந்தச் சட்டியின் மூடிக்கு ஓரத்தில் விளிம்பு உண்டு, எதற்கென்றால் மூடியின் மேல் தணலை அடுக்கினால் சரிந்து விழாமல் இருக்க. இன்றைக்கும் முகாம் போய்ச் சமைக்கிறவர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள்: சட்டியின் விட்டம் 12 அங்குலம் என்றால் மூடி மேல் 15 கரித்துண்டு, அடியில் 9. மேலே கூடுதல், கீழே குறைவு. பழம் எப்படியும் வெந்துவிடும், மாவுக்குத்தான் மேலிருந்து சூடு வேண்டும் என்பதை அனுபவத்தில் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். மாவு உப்பி மெத்தென்று வருவதற்கு பேக்கிங் பவுடரும் கைகொடுத்தது. ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த எபன் ஹார்ஸ்ஃபோர்ட் 1856இல் அதற்கான பாஸ்பேட் உப்புக்குக் காப்புரிமை வாங்கினார், அதன் பிறகு பால் புளிக்கக் காத்திருக்காமலே வீட்டில் மாவை உப்பவைக்க முடிந்தது.

சரி, ஆப்பிளுக்கு வருவோம். பாதி வெற்றி இங்கேதான்.

வாங்க வேண்டியது கிரானி ஸ்மித், அதாவது நம் கடைகளில் பச்சை ஆப்பிள் என்று விற்பது. 1860களில் ஆஸ்திரேலியாவில் சிட்னிக்குப் பக்கத்தில் மரியா ஆன் ஸ்மித் என்கிற மூதாட்டியின் தோட்டத்தில் தானாக முளைத்த ரகம் அது, பெயரும் அவருடையதே. புளிப்பு அதிகம். அந்தப் புளிப்புக்கு ருசியைத் தாண்டி இன்னொரு வேலை இருக்கிறது. ஆப்பிளின் செல்களை ஒன்றோடு ஒன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்கிற பொருள். சூடு ஏற ஏற அது கரையும், பழம் குழையும். அமிலம் இருந்தால் கரைவது தாமதமாகும். அதனால்தான் புளிப்பு ஆப்பிள் வெந்த பிறகும் துண்டு துண்டாக நிற்கிறது. ஹனிகிரிஸ்ப், பிரேபர்ன், கோல்டன் டெலிஷியஸ் இவையும் நன்றாகவே நிற்கும். மெக்கின்டாஷ் சீக்கிரம் குழைந்துவிடும், சாஸுக்கு அது அருமை, காப்ளருக்குத் தனியாக வேண்டாம். ரெட் டெலிஷியஸ், அந்த அடர் சிவப்பில் அடியில் ஐந்து முடிச்சோடு நீளமாக இருக்குமே, அதைப் பார்த்து மயங்காதீர்கள். வெந்தால் மாவு மாவாகிவிடும், புளிப்பும் கிடையாது. ஊரில் வேறு எதுவும் கிடைக்கவில்லை என்றால் எலுமிச்சையைக் கூட்டி, சர்க்கரையைக் குறைத்து, துண்டைப் பெரிதாக நறுக்கிச் சமாளிக்கலாம், ஆனால் அது சமாளிப்புதான். இரண்டு ரகம் கலந்தால் இன்னும் நல்லது, முக்கால் பங்கு பச்சை ஆப்பிள், கால் பங்கு இனிப்பான ஏதாவது ஒன்று.

அமெரிக்காவில் இருப்பவர்கள் செப்டம்பர், அக்டோபரில் குடும்பத்தோடு தோட்டத்துக்குப் போய் ஆப்பிள் பறிக்கிறேன் என்று தேவைக்கு மேல் மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். அந்த மூட்டையைக் காலி செய்ய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

எட்டு அங்குலச் சதுரக் கண்ணாடிப் பாத்திரத்துக்கு ஆறு நடுத்தர ஆப்பிள் சரியாக இருக்கும், தோலும் விதைப் பகுதியும் போக ஒரு கிலோ தேறினால் போதும். தோலைச் சீவிவிடுங்கள், வெந்த தோல் சுருண்டு வாயில் தட்டுப்படும். அரை சென்டிமீட்டருக்குச் சற்று கூடுதலான தடிமனில், எல்லாத் துண்டும் ஒரே கனத்தில் இருக்கும்படி நறுக்குங்கள். நறுக்கியது பழுப்பாகிறதே என்று பதற வேண்டாம். பட்டைத்தூள் சேர்ந்தால் எல்லாம் பழுப்புதான். எலுமிச்சைச் சாறு ஒரு டேபிள்ஸ்பூன் விடுவது ருசிக்காக.

இந்த இடத்தில் நிறையச் செய்முறைகள் வேகாத ஆப்பிள் துண்டுகளை அப்படியே பாத்திரத்தில் கொட்டி மேலே மாவை வைக்கச் சொல்லும். நான் அதை ஆதரிப்பதில்லை. ஆப்பிளின் கன அளவில் கால் பங்கு வரை காற்று, தண்ணீரில் ஆப்பிள் மிதப்பதே அதனால்தான். வேகும்போது காற்று வெளியேறிப் பழம் அமுங்கும், சாறு வெளியே வரும், மேலே இருக்கும் மாவுக்குக் கீழே பள்ளம் விழும். தவிர, வேகாத ஆப்பிள் சூடேறிக் கொதிக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவரை மாவின் அடிப்பக்கம் குளிர்ந்த ஈரத்தில் ஊறிக்கொண்டிருக்கும், மேல்பக்கம் மட்டும் சிவந்துகொண்டிருக்கும். முதலில் சொன்ன பிசுபிசுப்பு இங்கிருந்துதான் வருகிறது. ஆகவே பழத்தை முதலில் அடுப்பில் வைத்துவிடுங்கள்.

அகலமான கடாயில் ஒரு டேபிள்ஸ்பூன் வெண்ணெய், ஆப்பிள், 100 கிராம் சர்க்கரை (பாதிக்குப் பாதி நாட்டுச் சர்க்கரை போட்டால் வாசனை கூடும்), எலுமிச்சைச் சாறு, ஒரு டீஸ்பூன் பட்டைத்தூள், ஒரு சிட்டிகை ஜாதிக்காய், ஒரு சிட்டிகை உப்பு. மூடி போட்டு மெல்லிய தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், நடுநடுவே மெதுவாகப் புரட்டினால் போதும். தீயைக் கூட்டாதீர்கள். 60இலிருந்து 70 டிகிரிக்குள் பழம் கொஞ்ச நேரம் இருந்தால் அதிலுள்ள ஒரு என்சைம் பெக்டினை இறுகச் செய்கிறது, அதன் பிறகு ஓவனில் எவ்வளவு கொதித்தாலும் துண்டு அவ்வளவு சுலபத்தில் உடையாது. எடுத்த எடுப்பில் கொதிக்கவிட்டால் அந்த என்சைம் வேலை செய்ய நேரமே கிடைக்காது. துண்டை வளைத்தால் வளைய வேண்டும், அழுத்தினால் நசுங்கக் கூடாது, அதுதான் பதம்.

இப்போது கடாயில் சாறு நின்றிருக்கும். அதைக் கெட்டியாக்கச் சோள மாவு, அதாவது கார்ன் ஃப்ளோர். ஒரு டேபிள்ஸ்பூன் மாவை இரண்டு ஸ்பூன் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். சூடான சாற்றில் மாவை நேராகத் தூவினால் கட்டி தட்டும். அது முழுதாகக் கெட்டியாக 95 டிகிரியை எட்ட வேண்டும், அதாவது கொதி வந்தாக வேண்டும். வெள்ளையாகக் கலங்கியிருந்த சாறு பளபளவென்று தெளிந்தால் ஆகிவிட்டது என்று அர்த்தம். குழம்பைப் போல இறுகவில்லையே என்று இன்னும் மாவைக் கரைத்து ஊற்ற வேண்டாம். ஆறும்போது அதுவே இன்னும் கெட்டியாகும்.

பழம் கடாயில் இருக்கும்போதே ஓவனை 190 டிகிரிக்குச் சூடேற்றிவிடுங்கள், அமெரிக்க ஓவன் என்றால் ஃபாரன்ஹீட்டில் 375. மேல் மாவையும் இந்த நேரத்திலேயே தயார் செய்யலாம்.

அந்த மாவு அமெரிக்கர்கள் பிஸ்கட் என்று சொல்லும் மெத்தென்ற சிறு ரொட்டியின் மாவு, டீயில் நனைக்கும் பிஸ்கட் இல்லை. மைதா 190 கிராம், சர்க்கரை 50 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டு டீஸ்பூன், ஆப்ப சோடா கால் டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். உப்பு வெண்ணெய் பயன்படுத்தினால் இந்த அரை டீஸ்பூனை விட்டுவிடலாம். ஃபிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த 85 கிராம் வெண்ணெயைச் சிறு துண்டாக்கி மாவில் போட்டு விரல் நுனியால் பிசிறுங்கள். புட்டுக்கு மாவு பிசிறத் தெரிந்த கைக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். ஒரு வித்தியாசம், இங்கே பட்டாணி அளவு வெண்ணெய்த் துண்டுகள் ஆங்காங்கே அப்படியே நிற்க வேண்டும். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கிறது. ஓவன் சூட்டில் அந்தத் துண்டு உருகி, தண்ணீர் ஆவியாகி, இருந்த இடத்தில் ஒரு சிறு பொந்தை விட்டுப் போகும், ரொட்டி அடுக்கடுக்காகவும் லேசாகவும் வருவது அப்படித்தான். வெண்ணெய் முன்பே உருகி மாவோடு கலந்துவிட்டால் பொந்துக்கு இடமில்லை.

சென்னை வெயிலில் வெண்ணெய் எங்கே துண்டாக நிற்கும் என்று கேட்பீர்கள். நியாயம், வெண்ணெய் 32 டிகிரியிலேயே இளகிவிடும். கட்டியை ஃபிரீசரில் வைத்துக் கேரட் துருவுகிற துருவலில் துருவிப் போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் நேர் எதிரான ஒரு தந்திரம் உண்டு: வெண்ணெயை உருக்கிச் சற்று ஆறவிட்டு, ஜில்லென்ற மோரில் ஊற்றிக் கலக்கினால் அதுவே குட்டிக் குட்டிக் கட்டியாக உறைந்துகொள்ளும். அந்தக் கலவையை அப்படியே மாவில் ஊற்றிவிடலாம். முதல் தடவை செய்கிறவர்களுக்கு இதுதான் சுலபம்.

மோர் என்று சொன்னது நாம் தாளித்துக் குடிக்கும் நீர்மோர் இல்லை. அமெரிக்காவில் பட்டர்மில்க் என்று கடையில் விற்பது கெட்டியாக, தயிருக்கும் மோருக்கும் நடுவில் இருக்கும். லேசாகப் புளித்த தயிரில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் அடித்து 150 மில்லி எடுத்துக்கொண்டால் அதேதான். புளிப்பு முக்கியம், ஆப்ப சோடா அந்தப் புளிப்போடு சேர்ந்துதான் வாயுவை உண்டாக்கும். புளிப்பில்லாத பால் ஊற்றப் போகிறீர்கள் என்றால் ஆப்ப சோடா வேண்டாம், பேக்கிங் பவுடரில் புளிப்பும் உள்ளேயே இருப்பதால் அது தனியாகவே பார்த்துக்கொள்ளும்.

ஊற்றியதும் ஒரு கரண்டியால் பத்துப் பதினைந்து தடவை கிளறி நிறுத்திவிடுங்கள். உலர்ந்த மாவு தெரியக் கூடாது, அவ்வளவுதான். சப்பாத்தி பிசைந்து பழகிய கை இங்கே துறுதுறுக்கும், விடாதீர்கள். பிசையப் பிசைய மைதாவில் இழுவை வந்துவிடும், ரொட்டி கடிக்கவே வராது. மாவு ஒட்டும் பதத்தில், உருட்ட முடியாமல், ஸ்பூனிலிருந்து தொப்பென்று விழுகிற மாதிரி இருக்க வேண்டும். கிளறிய மாவைக் காக்கவைக்கவும் கூடாது, சோடா உடனே வாயு விட ஆரம்பித்துவிடும். அதனால் பழம் கொதித்துக்கொண்டிருக்கும்போது மோரை ஊற்றுவதுதான் சரியான நேரம்.

கொதிக்கும் பழத்தைப் பாத்திரத்தில் கொட்டி, மாவை எட்டு ஒன்பது கட்டிகளாக மேலே வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. முழுதாக மூடினால் ஆவி போக வழியில்லாமல் மாவுக்குள்ளேயே புகும். இடைவெளி இருந்தால் அது வழியாக ஆவி வெளியேறும், சாறும் குமிழியிட்டு ஓரமெல்லாம் பாகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். மேலே கொஞ்சம் பால் தடவி ஒரு ஸ்பூன் சர்க்கரை தூவினால் மொறுமொறுப்பும் நிறமும் கூடும். பாத்திரத்துக்கு அடியில் ஒரு தட்டு வையுங்கள், சாறு வழிந்து ஓவனில் கருகினால் தேய்ப்பது நீங்கள்தான்.

25இலிருந்து 30 நிமிடம் ஆகும். நிறத்தை மட்டும் பார்த்து எடுத்துவிட வேண்டாம். நடுவில் இருக்கும் கட்டியைக் கத்தியால் லேசாக நெம்பி அடியைப் பாருங்கள், அங்கே ரொட்டியாகத் தெரிய வேண்டும், ஈர மாவாகத் தெரியக் கூடாது. தெர்மாமீட்டர் இருந்தால் கட்டியின் நடுவில் 95 டிகிரி. பழத்தைத் தொடும் அந்தக் கடைசி நூலளவு பகுதி சாற்றில் ஊறித்தான் இருக்கும், அது குறையில்லை, பலர் அதற்காகவே சாப்பிடுகிறார்கள். மேலே சீக்கிரம் சிவந்து உள்ளே வேகவில்லை என்றால் ஃபாயிலை மேலே தளர்வாகப் போட்டுவிட்டுத் தொடருங்கள்.

ஓடிஜி என்கிற சிறிய மின்சார ஓவன் வைத்திருப்பவர்கள் மேல், கீழ் இரண்டு கம்பியையும் போட்டு நடுத்தட்டில் வையுங்கள். மின்விசிறி ஓடும் கன்வெக்‌ஷன் என்றால் 175 போதும். மைக்ரோவேவின் சாதா முறையில் இது நடக்காது, ஈரம் இருக்கும்வரை மாவு 100 டிகிரியைத் தாண்டாது, நிறம் பிடிக்காமல் இட்லி கணக்காக வெளுத்து நிற்கும்.

அமெரிக்காவின் தெற்குப் பக்கம் போனால் காப்ளர் என்று வேறொன்றைக் கொடுப்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பாத்திரத்தில் 115 கிராம் வெண்ணெயைப் போட்டு ஓவனிலேயே உருக்கி, அதன் மேல் மைதா, சர்க்கரை, பால் மூன்றும் ஒவ்வொரு கப், ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு கலந்த தோசை மாவுப் பதக் கலவையை ஊற்றி, கிளறாமல் மேலே பழத்தைப் பரப்பி 175 டிகிரியில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வைப்பார்கள். மாவு உப்பிப் பழத்தைச் சுற்றி மேலேறிக்கொள்ளும், ஓரமெல்லாம் வெண்ணெயில் பொரிந்த மாதிரி இருக்கும். பீச் பழத்துக்கு இது பிரமாதம். ஆப்பிளுக்குச் செய்தால் இங்கேயும் பழத்தை முன்பே வேகவைத்துக்கொள்வது நல்லது. எனக்கு ஆப்பிளென்றால் முதல் வகைதான். ஓட்ஸும் வெண்ணெயும் உதிரியாக மேலே போட்டால் அது கிரிஸ்ப், வெண்ணெயில் புரட்டிய ரொட்டித் தூள் போட்டால் பெட்டி (Betty), ஓவனே இல்லாமல் மூடிபோட்டு அடுப்பிலேயே மாவை ஆவியில் வேகவைத்தால் கிரன்ட். எல்லாம் ஒரே குடும்பம்.

எடுத்த சூட்டோடு பரிமாறாதீர்கள். இருபது முப்பது நிமிடம் ஆறினால்தான் சாறு இறுகும், நாக்கும் பிழைக்கும். வெனிலா ஐஸ்கிரீம் வைத்துச் சாப்பிடுவது அமெரிக்க வழக்கம். மிச்சத்தை ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும், ஆனால் மேல் ரொட்டி ஈரம் இழுத்து மெதுமெதுவென்று ஆகிவிடும். அதை மைக்ரோவேவில் சூடாக்கினால் இன்னும் தொளதொளக்கும். கண்ணாடிப் பாத்திரத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு சூடான ஓவனில் வைக்காமல், வெளியே கொஞ்ச நேரம் வைத்துவிட்டு 175 டிகிரியில் பதினைந்து நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு பெரும்பாலும் திரும்பிவிடும். முன்கூட்டியே செய்துவைக்க வேண்டும் என்றால் பழக்கலவையை மட்டும் முதல் நாளே செய்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள், மறுநாள் அதைக் கடாயில் கொதிக்கவிட்டு, மாவை அப்போது கலந்து வைக்கலாம்.